லுங்கிசிலேயை வீட்டுக்கு அழைத்து வந்த நாள்

தொலைபேசி வந்தபோது தோசாமா கேன்டீன் சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் கை ஈரமாக இருந்ததால் நான்தான் போனை எடுத்து அவள் காதோடு பிடித்துக்கொண்டேன். அதனால் எனக்கும் கேட்டது.

பேசியது ஒரு பெண். காணாமல் போனவர்களைத் தேடும் அரசாங்கக் குழுவைச் சேர்ந்தவள். கிராடாக் ஊருக்கு அப்பால் ஒரு பண்ணையில் தோண்டி எடுத்த எலும்புகள் தோசாமாவின் புருஷன் லுங்கிசிலேயுடையவைதான், போன வருஷம் மகள் பிந்திவே கொடுத்த ரத்தத்தோடு பொருந்திவிட்டது என்று நிதானமாகச் சொன்னாள். ரத்தம் கொடுக்கப் போனபோது மகளை "வெட்டி வேலை" என்று திட்டி அனுப்பியவள் தோசாமா.

"எப்ப செத்தார்?" அதை மட்டும் கேட்டாள்.

"எண்பத்தஞ்சுலதாம்மா. காணாமப் போன அதே வாரம்னு நினைக்கிறோம். போலீஸ்காரங்க அங்க கொண்டுபோய்ச் சுட்டிருக்காங்க."

தோசாமா கத்தியைக் கீழே வைத்தாள். உருளைக்கிழங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"அப்போ ஜோஹன்னஸ்பர்க்ல எவளும் இல்ல" என்றாள்.

முகத்தில் முதலில் வந்தது நிம்மதிதான். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான், பொய் சொல்லவில்லை. அது வந்த வேகத்தில் அவளே பயந்துபோய் ஏப்ரனை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

லுங்கிசிலே போர்ட் எலிசபெத் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவன். நியூ பிரைட்டனில் அவர்களுக்கு ஒரு சின்ன வீடு. வெள்ளைக்காரர் கடைகளில் ஒரு தீப்பெட்டிகூட வாங்குவதில்லை என்று எங்கள் ஜனம் முடிவெடுத்த வருஷம் அது. தெருத் தெருவாகப் போய்ப் பேசி அதைக் கட்டிக்காத்தவர்களில் அவன் ஒருவன். வெள்ளை அரசாங்கம் அவசரநிலை போட்டதும் அவனும் இரண்டு தோழர்களும் வீட்டில் படுப்பதை நிறுத்தினார்கள். இன்றைக்கு எங்கே படுக்கிறான் என்பதைப் பெண்டாட்டியிடமும் சொல்ல மாட்டான். ஒரு நாள் விடிந்தபோது தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த அறையில் அந்த இரண்டு தோழர்களும் சுடப்பட்டுக் கிடந்தார்கள். லுங்கிசிலே அங்கே இல்லை. பிணவறையில் இல்லை, எந்தச் சிறையிலும் இல்லை.

சாகவும் இல்லை, பிடிபடவும் இல்லை என்றால் அவன் எங்கே போனான் என்று ஜனம் கேட்டது. பதில் சொன்னவன் மொன்வாபிசி. பள்ளிக்கூட நாளிலிருந்து லுங்கிசிலேயின் நிழல் மாதிரித் திரிந்தவன். அவனையும் போலீஸ் பிடித்து வைத்திருந்து அப்போதுதான் விட்டிருந்தது. "போலீஸ்காரன் கார்ல இருந்து லுங்கிசிலே சிரிச்சிட்டே இறங்குனான். என் கண்ணால பார்த்தேன்" என்றான்.

காட்டிக்கொடுக்கிறவனை எங்கள் பக்கத்தில் இம்பிம்பி என்பார்கள். அந்த நாளில் அந்தச் சொல் ஒரு வீட்டின்மேல் விழுந்தால் பின்னாலேயே தீயும் வந்துவிடும். வந்தது. தோசாமா நாலு வயது மகளையும் ஒரு கம்பளியையும் தூக்கிக்கொண்டு யூட்டன்ஹேகில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அது எங்கள் பக்கத்து வீடு. அப்படித்தான் அவளை எனக்குத் தெரியும்.

அவளும் நம்பினாள் என்பதுதான் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. படுக்கும் இடத்தையே மறைத்தவன் வேறு எதையும் மறைக்கமாட்டானா என்று அவள் மனம் போயிற்று. பிற்பாடு யாரோ அவனை ஜோஹன்னஸ்பர்க்கில் மஞ்சள் காரில், குண்டான ஒருத்தியோடு பார்த்ததாகச் சொன்னார்கள். அதையும் நம்பினாள். மகளைத் தன் அப்பா வீட்டுப் பெயரில் பள்ளியில் சேர்த்தாள். "உங்கப்பன் ஆளுங்கள வித்தவன். அவன் பேச்சு இந்த வீட்ல வேணாம்" என்றாள். வெள்ளையர் ஆட்சி முடிந்து, பழைய கொலைகளை விசாரிக்கும் உண்மை ஆணையம் ஊருக்கு வந்தபோது மற்ற விதவைகள் தொப்பி வைத்துக்கொண்டு சாட்சி சொல்லப் போனார்கள். தோசாமா அன்றைக்கு வீட்டில் இருந்த திரைச்சீலை எல்லாவற்றையும் துவைத்தாள்.

நம்பாதவள் ஒருத்தி உண்டு. லுங்கிசிலேயின் அக்கா நோமலிசோ. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போர்ட் எலிசபெத்திலிருந்து வருவாள். மருமகளுக்கு ஒரு கவுனும், தம்பி பெண்டாட்டிக்கு ஒரு வண்டி வசவும் கொண்டுவருவாள். தேடும் குழுவிடம் தம்பியின் பெயரை எழுதிக் கொடுத்தவளும் அவள்தான்.

செய்தி வந்த மறுநாளே நோமலிசோ தடியை ஊன்றிக்கொண்டு வந்து இறங்கினாள். சொல்லிக்காட்டுவாள் என்று நாங்கள் பயந்தோம். சொல்லிக்காட்டவில்லை. தோசாமாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தாள்.

"எலும்ப கவர்மென்ட்காரன் பெட்டியில வச்சு சனிக்கிழமை கொண்டாந்து குடுத்துருவான். ஆவிய யாரு கொண்டாருவா? அது இன்னும் அந்தப் பண்ணையில ஆட்டோட ஆடா நின்னுட்டிருக்கு" என்றாள்.

வெளியூரில் செத்தவனை அவன் செத்த இடத்துக்கே போய்க் கூப்பிட்டு வரவேண்டும். அதற்கு ஒரு முள்மரம் உண்டு. அதன் கிளையைத் தரையில் வைத்துப் பெயர் சொல்லி அழைத்தால் ஆவி கிளையில் ஏறிக்கொள்ளும். கிளையைத் தூக்குகிறவர் வீடு சேரும்வரை உயிரோடு இருக்கிற யாரிடமும் பேசக் கூடாது. செத்தவரிடம் பேசலாம், பேசியும் ஆகவேண்டும். ஆறு தாண்டுகிறோம், இங்கே திரும்புகிறோம் என்று சொல்லிக்கொண்டே வராவிட்டால் அவர் பாதியில் தங்கிவிடுவார்.

குலத்து ஆண்பிள்ளை செய்யவேண்டிய காரியம் இது. லுங்கிசிலேக்கு மிச்சம் இருந்த ஒரே சித்தப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். பிந்திவே ஏழு மாதக் கர்ப்பிணி, அந்த மாதிரி இடத்துக்குப் போகக் கூடாது. நோமலிசோவுக்கு முழங்கால் மடங்காது. பெண்டாட்டியே தூக்கட்டும் என்று சித்தப்பா சொல்லி அனுப்பிவிட்டார்.

"இவளா?" என்றாள் நோமலிசோ. "இவ ரொட்டி வாங்கக் கடைக்குப் போனா தெருவுல ஒம்பது பேர்கிட்ட நின்னு பேசுறவ. கிராடாக்ல இருந்து வாய மூடிட்டு வருவாளா? என் தம்பிய ஏதாவது பெட்ரோல் பங்க்ல விட்டுட்டு வந்துருவா."

"நீ கூட வாக்கா. நான் வாயத் திறந்தா தடியால போடு."

"அதுக்குத்தானே தடி வச்சிருக்கேன்."

அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

அன்று மாலையே மொன்வாபிசி வாசற்கதவுக்கு வெளியே வந்து நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. ஊருக்குள் இரண்டு வேன் வாடகைக்கு ஓட்டுகிறான். உள்ளே வரவில்லை.

"மாம்டோலோ" என்று தோசாமாவைக் குலப்பெயர் சொல்லிக் கூப்பிட்டான். "என் வேன்ல கூட்டிட்டுப் போறேன். நானே ஓட்டுறேன்."

"நீ அன்னிக்குத் தப்பா பார்த்துட்டே, மொன்வாபிசி" என்றாள் தோசாமா. கோபம் இல்லை. தானும் நம்பியவள்தானே.

அவன் தரையைப் பார்த்தான். "ஓட்டுறேன்" என்றான் மறுபடியும்.

"ஓட்டட்டும்" என்றாள் உள்ளேயிருந்து நோமலிசோ. "பெட்ரோலும் அவனே போடட்டும். நடு சீட்டக் காலியா விடணும், என் தம்பிக்கு."

வியாழக்கிழமை காலையில் புறப்பட்டார்கள். வழியில் நடந்ததெல்லாம் பிற்பாடு தோசாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பண்ணையில் அந்தக் குழுவின் பெண் காத்திருந்தாள். மொட்டைக் குன்று, ஒரு காற்றாடிப் பம்பு, உடைந்த அணை. அணைக் கரையோரம் தோண்டிய குழியை மூடாமல் வைத்திருந்தார்கள். வெள்ளாடுகள் அதன் விளிம்பில் மேய்ந்துகொண்டிருந்தன. மொன்வாபிசி வேனைவிட்டு இறங்கவே இல்லை.

தோசாமா குழியருகே மண்டியிட்டுக் கிளையைத் தரையில் வைத்தாள். என்ன சொல்லவேண்டும் என்று சித்தப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். குலத்தின் பெயர்களை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, "லுங்கிசிலே, நான் தோசாமா. நாங்க உன்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம். எந்திரி, வீட்டுக்குப் போவோம்" என்றாள். கிளையைத் தரையில் இழுத்தபடியே வேன்வரை வந்தாள். கனமாக இருந்ததாம். ஒரு கைப்பிடி முள்கிளைக்கு என்ன கனம் என்று நான் கேட்டதற்கு, "நீ தூக்கிப் பாரு, தெரியும்" என்றாள்.

நடு இருக்கையில் கிளை. பின் இருக்கையில் பெண்கள் இரண்டு பேர். வேன் தார்ச்சாலைக்கு ஏறியது.

"லுங்கிசிலே, மண்ரோடு முடிஞ்சுது. பெரிய ரோட்டுக்கு வந்துட்டோம்." கொஞ்ச நேரம் கழித்து, "ஃபிஷ் ஆறு தாண்டுறோம். தண்ணி கம்மியாத்தான் இருக்கு, பயப்படாத."

பாலத்தைத் தாண்டியதும் மொன்வாபிசி பேச ஆரம்பித்தான். கண்ணாடியில் பார்க்காமல் சாலையைப் பார்த்தே பேசினான்.

"மாம்டோலோ, நீ பதில் பேச முடியாதுன்னு தெரிஞ்சுதான் இன்னிக்குச் சொல்றேன். நீ பேசுனா என்னால சொல்ல முடியாது. நான் தப்பா பார்க்கல. நான் ஒண்ணையும் பார்க்கல."

நோமலிசோ நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஈரச் சாக்க தலையில மாட்டி மூச்சு நிக்கிற வரைக்கும் பிடிப்பானுங்க. விடுவானுங்க. மறுபடியும் மாட்டுவானுங்க. எத்தனை நாள்னு தெரியல. அந்த தேவாலய ரூமை நான்தான் சொன்னேன். மூணு பேரும் அங்க இருக்காங்கன்னு நான்தான் சொன்னேன். அப்புறம் என்னை வெளிய விட்டப்போ, 'லுங்கிசிலே வித்துட்டான்னு போய்ச் சொல்லு. இல்லேன்னா வித்தது நீன்னு நாங்க சொல்லுவோம்'னானுங்க. சொன்னேன். உங்க வீடு எரியும்போது தெருமுனையில நின்னுட்டிருந்தேன்."

வேன் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தோசாமாவுக்கு வாய்வரை வார்த்தை வந்துவிட்டது. எரிந்த வீடு, அதிலிருந்து அவள் எடுக்க முடியாமல் போன எல்லாம், அப்பா பெயர் இல்லாமல் வளர்ந்த மகள், எல்லாவற்றையும் கேட்கவேண்டியிருந்தது. எதிரே முள்கிளை கிடந்தது. பேசினால் லுங்கிசிலே வழியிலேயே நின்றுவிடுவான். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

பேசத் தடையில்லாதவள் பேசினாள்.

"வண்டிய நிறுத்து" என்றாள் நோமலிசோ.

"அக்கா…"

"அக்கான்னு கூப்பிடாத. என் அம்மா சோறு போட்டு வளர்ந்த வாய் அது. நிறுத்துடா."

நிறுத்தினான். நோமலிசோ தடியை ஊன்றி இறங்கிச் சாலையோரம் நடக்க ஆரம்பித்தாள். சுற்றிலும் வேலியும் புதரும்தான், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வீடு இல்லை. வெயில். அவள் பத்தடிக்கு ஒருமுறை நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். மொன்வாபிசி ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான்.

தோசாமா கிளையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். முள் ரவிக்கையில் மாட்டியது. நோமலிசோவின் பின்னாலேயே நடந்து, கிளையைப் பார்த்து, ஆனால் இரண்டு பேருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"லுங்கிசிலே, நாம ரோட்டுல நிக்கிறோம். ஊரு இன்னும் வரல, நீ இறங்கிடாத. உங்கக்கா கோச்சுக்கிட்டு நடந்து போறா. அந்த முட்டிய வச்சுக்கிட்டு போர்ட் எலிசபெத் வரைக்கும் நடக்கப் போறாளாம். உன் சிநேகிதன் உள்ள உக்காந்து அழுவுறான். அவன் சொன்னத நீயும் கேட்டிருப்பே."

நோமலிசோ நின்றாள். திரும்பவில்லை.

"அவன் தலையில சாக்க மாட்டுனானுங்க, லுங்கிசிலே. என் தலையில யாரும் மாட்டல. என்னை யாரும் அடிக்கல. நான் சும்மா நம்பிட்டேன். நீ செத்துட்டேன்னு நினைக்கிறதவிட நீ ஓடிப்போயிட்டேன்னு நினைக்கிறது எனக்குச் சுலபமா இருந்துச்சு. உயிரோட இருக்கிறவனைத் திட்டலாம் இல்லையா. தினம் திட்டுனேன். நீ அந்த அணைக்கரையில கிடந்தே, நான் இங்க உன்னைத் திட்டிட்டு இருந்தேன். இதையும் கேட்டுக்கோ. எல்லாத்தையும் கேட்டுட்டு வீட்டுக்கு வா."

பிறகு நோமலிசோ திரும்பி வந்தாள். தோசாமாவைப் பார்க்காமல் கிளையைப் பார்த்துச் சொன்னாள்:

"டேய் தம்பி, உன் பொண்டாட்டி நல்லாத்தான் சட்டம் பேசுறா. பேசக் கூடாதுன்னு சொல்லி அனுப்புனா என்னையும் அவனையும் சேர்த்துக் காய்ச்சிட்டா."

இருவரும் ஏறினார்கள். வேன் புறப்பட்டது. கணவாய் ஏறி இறங்கும்போது, "லுங்கிசிலே, மலை தாண்டிட்டோம், கடல் வாசனை வருதா பாரு" என்ற ஒன்றைத் தவிர வேறு பேச்சு இல்லை.

எங்கள் தெருவில் எல்லாரும் வெளியே நின்றிருந்தோம். தோசாமா யாரையும் பார்க்காமல் உள்ளே போய், பின்கட்டு அறையின் மூலையில் கிளையைச் சாய்த்து வைத்தாள். "இதுதான் வீடு. வந்து சேர்ந்துட்டே" என்றாள். வெளியே வந்து ஒரு குவளைத் தண்ணீர் குடித்தாள். அவள் வாயிலிருந்து முதலில் என்ன வரப்போகிறது என்று நாங்கள் காத்திருந்தோம். அவள் நேரே வாசற்கதவுக்குப் போனாள். மொன்வாபிசி வேனில் சாய்ந்து நின்றிருந்தான்.

"சனிக்கிழமை வா" என்றாள். "எங்கிட்ட சொன்னத அத்தனை பேர் முன்னாலயும் சொல்லு. அன்னிக்கு எத்தனை பேருக்குக் கேட்டுச்சோ அத்தனை பேருக்கும் கேக்கணும்."

"கொன்னுடுவாங்க" என்றான்.

"அப்படி நினைச்சா வராத. ஆனா வா."

வந்தான். சவ அடக்கத்துக்கு நியூ பிரைட்டன் மண்டபம் நிரம்பிவிட்டது. பழைய தோழர்கள் வந்திருந்தார்கள். இப்போது கோட்டும் தொப்பையுமாக, சிலர் பதவிகளில் இருக்கிறார்கள். கொடி போர்த்திய பெட்டி ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. பாதிரியார் முடித்ததும் மொன்வாபிசி எழுந்து முன்னால் போனான். மைக்கைத் தொடவில்லை. வேனில் சொன்னதையே சொன்னான், அதைவிடச் சுருக்கமாக. "லுங்கிசிலே யாரையும் விக்கல. வித்தவன் நான்" என்று முடித்தான்.

பிறகு பின்வரிசையில் ஒருவன் "நாயே" என்றான். நாற்காலிகள் உரசின. நாலைந்து ஆண்கள் முன்னால் வந்தார்கள். நோமலிசோ தடியைத் தரையில் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"உக்காருங்கடா" என்றாள். "அன்னிக்கு என் தம்பி வீட்டுக்கு மண்ணெண்ணெய் கொண்டாந்தது யாரு? தீக்குச்சி கிழிச்சது யாரு? அவன் மொதல்ல இங்க வந்து பேசட்டும். அதுக்கப்புறம் எல்லாருமா சேர்ந்து இவனை அடிக்கலாம். நானும் ஒரு போடு போடுறேன்."

அவள் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். வந்தவர்கள் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் கோட்டுப் போட்ட ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் அவர் என்று நான் விசாரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் பாட்டை எடுத்தாள். பழைய போராட்டப் பாட்டு. தரை அதிர அதிரக் கால்கள் சேர்ந்துகொண்டன. பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். இருபத்துச் சொச்சம் வருஷத்துக்குப் பிறகு லுங்கிசிலேயின் பெயரை அந்தத் தெருக்களில் வாய்விட்டுக் கத்தினார்கள். தோசாமா பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். அவள் தோள்கள் அவ்வளவு இறுக்கம் விட்டு, லேசாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

கல்லறையிலிருந்து வீடு திரும்பி வாசலில் வைத்திருந்த தொட்டியில் எல்லாரும் கை கழுவினோம். மாடு அடித்திருந்தார்கள். உடைத்த சோளமும் பீன்ஸும் அண்டா அண்டாவாக வெந்திருந்தது. மொன்வாபிசி கை கழுவிவிட்டு உள்ளே வராமல் எதிர்ப்புற வேலியோரம் நின்றான். அவனோடு யாரும் பேசவில்லை, யாரும் விரட்டவுமில்லை. பரிமாறிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து தோசாமா மெதுவாகச் சொன்னாள்:

"அவனுக்கு ஒரு தட்டு கொண்டுபோய்க் குடு."

"என்ன வைக்க?"

யோசித்தாள். "குடல் வை. நல்ல கறி வேணாம்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். பசித்தவன் சாப்பிடுகிற மாதிரி.

கூட்டம் கலைந்தபின் பிந்திவே வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து அம்மா பக்கத்தில் கம்பளியில் உட்கார்ந்தாள். "அப்பா எப்படி இருப்பாரும்மா?" என்று கேட்டாள். முப்பதை நெருங்குகிற பெண், முதல் தடவையாகக் கேட்கிறாள்.

"உன் காது இருக்கே, அது அவருதான்" என்றாள் தோசாமா. "பாட வராது. ஆனா பாடாம இருக்க மாட்டார். சர்ச்சுல அவர் பக்கத்துல உக்கார ஆள் கிடைக்காது. கப்பல்ல இருந்து உடைஞ்ச டப்பா மீன் கொண்டாருவார், அதத் தானே சமைப்பேன்னு ஒத்தக் கால்ல நிப்பார். வீடு முழுக்கப் புகை…"

"உப்பே போட மாட்டான்" என்றாள் பக்கத்திலிருந்து நோமலிசோ.

"உப்பு போடுவாருக்கா. ரெண்டு தடவை போடுவார்."

"எங்க வீட்ல போட மாட்டான்."

உப்புப் போடுவானா மாட்டானா என்று அந்த இரண்டு பெண்களும் சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். பிந்திவே இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பாத்திரங்களை அடுக்கிவிட்டு என் வீட்டுக்குப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் சண்டை ஓயவில்லை.